கல், தலையணை, கால், வாய்

வலங்கைமானுக்குக் கிழக்கே, வேம்படி வாய்க்காலின் தலைமதகில் கோவிந்தராசுவுக்கு இருபத்திரண்டு வருடச் சர்வீஸ். உத்தியோகத்தின் பெயர் லஸ்கர். ஷட்டரை ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும், காலையும் மாலையும் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும், ஒன்பது கிலோமீட்டர் கரையைச் சைக்கிளில் சுற்றி வர வேண்டும். அரசாங்கத் தாளில் இந்த வேலைக்கு இப்போது நீளமான வேறொரு பெயர் இருக்கிறதாம். அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் கரையில் ஒருவருக்கும் விளங்காது. லஸ்கர் என்றால் மாடு மேய்ப்பவர்கூட மதகு இருக்கும் திசையைக் கைகாட்டுவார்.

அவருடைய அப்பா பண்ணையாளாக இருந்தவர். மற்றவர் கைகாட்டினால் மடையைத் திறப்பார், மற்றவர் கைகாட்டினால் அடைப்பார். மகன் கையில் இப்போது ஷட்டர் சாவி இருக்கிறது. நிலத்துக்காரர்கள் வந்து, "கொஞ்சம் ஏத்தி விடுங்க" என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். இதைப் பற்றி அவர் ஒருநாளும் பெருமை பேசியதில்லை. ஆனால் அந்த முழநீள இரும்புச் சாவியை வாரம் தவறாமல் எண்ணெய் போட்டுத் துடைத்து, வீட்டில் சாமி படத்துக்குக் கீழே வைப்பார். மற்றதை நாமே புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

ஐம்பத்து நாலு வயதில் மனிதருக்கு ஒரே ஒரு பழக்கம். வெற்றிலை கிடையாது, சீட்டு கிடையாது, டீகூட ஒரு நாளைக்கு இரண்டுதான். படப்புதிர் மட்டும் இல்லாமல் முடியாது.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒன்றுவிட்ட மைத்துனர் ஒருவர் அவரைக் கேட்காமலே 'சேர்த்துப் பாரு' என்ற வாட்ஸப் குழுவில் சேர்த்துவிட்டார். இரண்டு மூன்று படங்களைப் போடுவார்கள். படத்தில் இருப்பவற்றின் பெயர்களைச் சேர்த்துச் சொன்னால் ஒரு வார்த்தை வரும். அன்றைக்கு வந்த படம் இரண்டு. ஒன்று சிரிக்கிற வாய், இன்னொன்று மயிர் அடர்ந்த கால். இரண்டு மணி நேரமாகியும் சரியான விடை ஒன்றுகூட வரவில்லை என்று புதிர் போட்டவர் எழுதியிருந்தார். கோவிந்தராசு மதகுக் கட்டையில் உட்கார்ந்து படத்தைப் பார்த்தார், எதிரே ஓடும் தண்ணீரைப் பார்த்தார், தனியாகச் சிரித்துவிட்டார். வாய்க்கால். பதினாறு வருடமாக அந்த வார்த்தையில்தான் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் ஒரு வாயும் ஒரு காலும் இருப்பது அன்றுதான் தெரிந்தது. பட்டியலில் முதல் பெயர் அவருடையது.

அந்தப் பட்டியலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குழுவில் இருநூற்றுச் சொச்சம் பேர். குவைத்தில் கிரேன் ஓட்டுகிறவர் ஒருவர், சேலத்தில் பல் டாக்டர் ஒருவர், திருப்பூரில் ஓர் எலும்பு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற சான்ட்ரா என்கிற பெண், இப்படி. யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. காலை ஏழு மணிக்குப் புதிர் வரும். விடையைப் புதிர் போட்டவருக்குத் தனியாக அனுப்ப வேண்டும். இரவு எட்டு மணிக்கு அவர் பட்டியல் போடுவார், யார் முதலில், யார் இரண்டாவது என்று வரிசையாக. எட்டு மணிக்கு மேல் வருகிற விடை பட்டியலில் ஏறாது. ஒருவர் கண்டுபிடித்ததை இன்னொருவர் தன்னுடையதாகச் சொன்னால் மறுநாளே குழுவை விட்டு வெளியே போக வேண்டியதுதான். பரிசு கிடையாது, பணம் கிடையாது. பெயர்தான் எல்லாமே.

செவ்வாயும் வெள்ளியும் கோவிந்தராசுவின் முறை. அவர் தேடி எடுத்த படம் எதையும் போட மாட்டார். கல் வேண்டுமென்றால் கரையில் கிடக்கும் கல். மாடு வேண்டுமென்றால் தன் வீட்டுப் பசு. "நெட்டுல இருக்கற மாட்டுக்கு நம்ம ஊரு மாட்டு மூஞ்சி இல்ல" என்பார். இதனால் சங்கடமும் வந்தது. ஒருமுறை டீக்கடையையும் வயல் வரப்பில் தண்ணீர் பாயும் மடையையும் எடுத்து, கடைமடை என்று விடை வைத்தார். பட்டணத்துக்காரர்கள் மடையைப் பார்த்துப் 'பள்ளம்' என்றார்கள், 'ஓட்டை' என்றார்கள், ஒருவர் 'எலி வீடு' என்றுகூடச் சொன்னார். நாலே பேர்தான் தேறினார்கள். அன்றிலிருந்து எந்தப் புதிரையும் முதலில் மனைவி மலர்க்கொடியிடம் காட்டுவார். மலர்க்கொடி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். நூற்றிருபது பிள்ளைகளுக்குச் சாம்பார் வைத்துவிட்டு வருகிறவளுக்கு இதற்கெல்லாம் பொறுமை இருக்காது. அவளே கண்டுபிடித்துவிட்டால் புதிர் சுலபம் என்று கொள்ளலாம்.

இப்படியே போயிருந்தால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. போன மாசி மாதம் அவர்மேல் ஒரு புகார் போனது.

வாய்க்கால் கரையை ஒட்டி மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்து உழுகிறவர் தமிழ்மாறன். முப்பது வயது, எம்.ஏ. படித்தவர், கோபம் கொஞ்சம் முன்னால் நிற்கும். 'லஸ்கர் எந்நேரமும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஷட்டரைப் பார்ப்பதில்லை' என்று அழகாக எழுதி உதவிப் பொறியாளருக்குக் கொடுத்துவிட்டார். உதவிப் பொறியாளர் பிரகதீஸ்வரி புதிதாக வந்தவர். அதிகம் பேச மாட்டார். கோவிந்தராசுவைக் கூப்பிட்டு, "இந்தக் கோப்ப நான் இன்னும் முடிக்கல. இந்தப் பாசனத்துல உங்க போனால ஒரு தப்பு நடந்தா கடலோர மதகுக்கு மாத்திடுவேன். சொல்லலன்னு சொல்லாதீங்க" என்றார்.

கடலோர மதகு என்றால் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். உப்புக்காற்று, ஆள் நடமாட்டம் இல்லாத இடம், ஓய்வு பெற இன்னும் ஆறு வருடம். மலர்க்கொடி வேலையை விட்டு வர முடியாது. பசுவை அவள் ஒருத்தி பார்க்க முடியாது. இருபத்திரண்டு வருடமாகத் துடைத்து வைத்த சாவியை வேறு யாரிடமோ கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கோவிந்தராசுவுக்கு அந்த நினைப்பே சோற்றைக் கசக்க வைத்தது. அன்று முதல் மதகில் இருக்கும்போது போனைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டார். காலையில் அலுவலகத்துக்கு அளவுப் படம் அனுப்பும் நேரமும், செவ்வாய் வெள்ளியில் புதிர் போடும் நேரமும் மட்டும் விதிவிலக்கு.

அந்த விதிவிலக்கில்தான் வினை வந்து உட்கார்ந்தது.

ஆடி பிறக்கப் பத்து நாள் இருக்கும். மேட்டூர்த் தண்ணீர் வந்து மூன்று வாரம். குறுவை நட்டு நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது, பயிர் இன்னும் பச்சை பிடிக்கவில்லை. முதல் நாள் மாலைதான் கடைமடைக்கு எட்டட்டும் என்று வாய்க்காலில் ஓர் அடி கூட்டியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை, கோவிந்தராசுவின் முறை. குழுவில் சேர்ந்து ஆறு வருடம் நிறைகிற வாரமும் அதுதான். அதனால் முதல் நாள் மாலையே விசேஷமாக ஒரு புதிர் தயார் செய்து வைத்திருந்தார். நாலு படம். கரையில் கிடந்த ஒரு கல். வீட்டிலிருந்த பூப்போட்ட தலையணை, அதன் தலைமாட்டில் சிவப்பு டேப்பால் ஒரு பெருக்கல் குறி. சேறு அப்பிய அவருடைய கால். வீட்டுப் பசுவின் வாய். தலையணையில் தலையை அடித்துவிட்டால் அணை. சேர்த்தால் கல்லணைக் கால்வாய்.

"எந் தலையணையில ஏன் டேப்ப ஒட்டுறீங்க" என்று மலர்க்கொடி சத்தம் போட்டாள். பிறகு அரை நிமிடம் பார்த்துவிட்டு விடையையும் சொன்னாள்.

காலையில் மதகுக்குப் போனவர் கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டார். ஆறேகாலுக்கு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய மூன்று படங்களை எடுத்தார். மதகுக்கு மேற்புறம் அளவுகோல், நடுவில் ஷட்டர், கீழ்ப்புறம் அளவுகோல். அதற்குள் போன் அடிக்கத் தொடங்கிவிட்டது. ஒருவர் "இன்னும் ஏத்துங்க" என்கிறார், அடுத்தவர் "போதும் இறக்குங்க" என்கிறார். எல்லோருக்கும் பதில் சொல்லி முடித்தபோது ஏழு ஆகிவிட்டது. இரண்டு குழுவுக்கும் அவசர அவசரமாக அனுப்பிவிட்டு, போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கரையைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார்.

இரண்டு கிலோமீட்டர் போயிருப்பார். பணி ஆய்வாளர் இளவழகனின் அழைப்பு வந்தது. நல்ல பிள்ளை, அண்ணே என்றுதான் கூப்பிடுவான்.

"அண்ணே, ஆபீஸ் குரூப்புல என்னண்ணே தலையணையெல்லாம் அனுப்பியிருக்கீங்க?"

கோவிந்தராசு சைக்கிளை நிறுத்தி, போனைக் கை எட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்துப் பார்த்தார். 'தினசரி நீர் அளவு' என்கிற அரசாங்கக் குழுவில், மற்ற மதகுக்காரர்களின் அளவுகோல்களுக்கு நடுவே, அவருடைய பெயரில் கல், பூப்போட்ட தலையணை, சேற்றுக் கால், பசுவின் வாய். நாற்பது நிமிடமாக அங்கே இருந்திருக்கின்றன. மூன்று லஸ்கர்கள் தனியாக விடையே அனுப்பிவிட்டார்கள், அதுவும் சரியான விடை.

"மேடம் பாத்துட்டாங்களா தம்பி?"

"தெரியலண்ணே. முதல்ல அத அழிங்க. அளவ அனுப்புங்க."

அழித்துவிட்டு அளவுப் படங்களை அனுப்பினார். 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று நாலு வரி மிஞ்சியது. அதை எப்படி அழிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அடுத்து 'சேர்த்துப் பாரு' குழுவைத் திறந்தார். அங்கே அவருடைய மேற்புற அளவுகோல், ஷட்டர், கீழ்ப்புற அளவுகோல். இருபத்தேழு பேர் தனித்தனியாக விடை அனுப்பியிருந்தார்கள். 'நீர்மட்டம்', 'அளவோடு வாழ்', 'கதவடைப்பு'. குவைத்துக்காரர், "கோவிந்தராசு சார் இதுவரைக்கும் போட்டதிலேயே இதுதான் கஷ்டம்" என்று குழுவிலேயே பாராட்டியிருந்தார்.

கடலோர மதகு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அங்கே அழிப்பதற்காக விரலை வைத்தபோதுதான் சான்ட்ராவின் செய்தியைப் பார்த்தார்.

"அண்ணா, விடை தெரியல. ஒரே ஒரு சந்தேகம். முதல் படத்துல இடது ஓரத்துல, கரைய ஒட்டி, துரும்பெல்லாம் வட்டமா நிக்குது. நடுவுல சின்னக் குழி மாதிரி இருக்கு. மத்த இடத்துல துரும்பு நேரா போகுது. இது புதிர்ல சேர்த்தியா, இல்ல சும்மாவா?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. கரையோரம் நின்ற தண்ணீரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சுழி. ஓடுகிற நடுத் தண்ணீரில் சுழி இருந்தால் பரவாயில்லை. கரையை ஒட்டிச் சுழித்தால் அங்கே தண்ணீர் கீழே எங்கோ இறங்குகிறது. அந்தப் படத்தை எடுத்தவர் அவர்தான். எடுக்கும்போது அளவுகோலில் எண் என்ன என்று மட்டும் பார்த்தார். தினமும் அப்படித்தான் பார்ப்பார். எண் என்னவென்றே தெரியாத ஒருத்தி மற்ற எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

கோவிந்தராசு எதையும் அழிக்கவில்லை. சைக்கிளைத் திருப்பி மிதித்தார்.

மதகிலிருந்து பத்தடி மேற்கே, கரையின் வெளிச்சரிவில், தமிழ்மாறனின் வயலுக்குள் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. கை கனம்தான் இருக்கும். ஆனால் கலங்கி வந்தது. தெளிந்த தண்ணீர் கசிந்தால் பொறுக்கலாம். கலங்கி வந்தால் கரை உள்ளுக்குள்ளே கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். நண்டு வளையோ எலி வளையோ, கூட்டிவிட்ட ஓர் அடித் தண்ணீர் அதைக் கண்டுபிடித்துவிட்டது. மத்தியானம் வரை விட்டிருந்தால் வளை வாசலாகியிருக்கும். நாற்பது ஏக்கர் இளம் நடவு மண்ணோடு போயிருக்கும். கடைமடைக்காரர்கள் பதினைந்து நாள் வானத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

மேல் மதகு லஸ்கரைப் போனில் கூப்பிட்டு ஓர் அடி குறைக்கச் சொன்னார். இளவழகனுக்குச் சொன்னார். மூன்றாவதாகத் தமிழ்மாறனை அழைத்தார்.

"தம்பி, ஒங்க வயலுக்கு மேல கரையில ஓட்ட. வைக்கோல் கட்டு நாலு, சாக்கு இருக்கறதெல்லாம், ஆளுங்க நாலு பேரு. ஒடனே வாங்க."

கால் மணி நேரத்தில் டிராக்டரில் எல்லாம் வந்தது. கோவிந்தராசு சட்டையைக் கழற்றிவிட்டு மார்பளவுத் தண்ணீரில் இறங்கி, காலால் தடவிக்கொண்டே போனார். சுழிக்குக் கீழே பாதத்தை வைத்ததும் உள்ளே இழுத்தது. ஓட்டையின் வாய் கிடைத்துவிட்டது. வைக்கோலை முறுக்கிக் களிமண்ணில் புரட்டிக் கொடுக்கக் கொடுக்க, அவர் காலால் உள்ளே திணித்து மிதித்தார். அதன்மேல் மண் மூட்டைகள், மூட்டை நகராமல் சவுக்குக் கழிகள். ஒன்பதரைக்கு வெளியே வந்த தண்ணீர் தெளிந்தது. பத்தேகாலுக்கு நின்றது.

கரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது தமிழ்மாறன் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்தப் புகாரு நான் எழுதுனதுதாங்க."

"தெரியும் தம்பி. கையெழுத்து நல்லா இருந்துச்சு."

"நீங்க போனு பாக்கறது நெசந்தானே."

"நெசந்தான்" என்றார் கோவிந்தராசு. தமிழ்மாறன் போய் இரண்டு டீ வாங்கி வந்தார்.

பதினொரு மணிக்கு ஜீப் வந்தது. பிரகதீஸ்வரி இறங்கி, வெளிச்சரிவைப் பார்த்தார், உள்சரிவைப் பார்த்தார், ஒரு மூட்டையைக் காலால் அழுத்திப் பார்த்தார். தலையணையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"சரியான நேரத்துல பாத்திருக்கீங்க. இது ஒடைஞ்சிருந்தா நானும் பதில் சொல்ல முடியாது" என்றார். "கரைய சுத்தி வரும்போது இன்ன நேரத்துல பாத்தேன், இன்ன மாதிரி அடைச்சேன்னு ஒரு அறிக்கை எழுதிக் குடுங்க. மேல அனுப்பணும். அத வச்சே அந்தப் புகாரையும் முடிச்சிடலாம்."

இளவழகன் பின்னாலிருந்து, "எழுதுங்கண்ணே, எழுதுங்க" என்று கண்ணைக் காட்டினான். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போலத்தான் இருந்தது. நாலு வரி எழுதினால் போதும். கடலோர மதகு கடலோடு போய்விடும்.

கோவிந்தராசு மதகுக் கட்டையில் தாளை வைத்து எழுத ஆரம்பித்தார். 'இன்று காலை கரையைச் சுற்றி வரும்போது' என்பது வரை பேனா நன்றாக ஓடியது. அதற்கு மேல் நின்றுவிட்டது. ஆறு வருடத்தில் அறுநூற்றுக்கு மேல் பட்டியல் போட்டிருக்கிறார். காய்ச்சலில் படுத்திருந்த நாளிலும் போட்டார், மாமியார் செத்த நாளிலும் போட்டார். ஒருவர் பெயரைக்கூட விட்டதில்லை, ஓர் இடம்கூட மாற்றியதில்லை. அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு இன்னொரு தாள் வாங்கினார்.

'ஐயா/அம்மா, இன்று காலை 7 மணிக்கு நான் நீர் அளவுப் படங்களைத் தவறுதலாக எனது சொந்தப் படப்புதிர்க் குழுவிற்கு அனுப்பிவிட்டேன். புதிருக்குரிய படங்களை அலுவலகக் குழுவிற்கு அனுப்பிவிட்டேன். மேற்படி அளவுப் படத்தில் கரையோரம் சுழி இருப்பதைத் திருப்பூரைச் சேர்ந்த செல்வி சான்ட்ரா அவர்கள் முதலில் கண்டு எனக்குத் தெரிவித்தார். அதன் பிறகே நான் பார்த்தேன். கசிவு அடைக்கப்பட்டது. தவறுக்கு வருந்துகிறேன்.'

பிரகதீஸ்வரி இரண்டு முறை படித்தார்.

"சான்ட்ரா யாரு?"

"எக்ஸ்ரே எடுக்கறவங்க மேடம். படம்னா அவங்க ஓரத்துலேருந்துதான் பாக்க ஆரம்பிப்பாங்க."

"இத இப்படியே வச்சா, புகாருக்கு நீங்களே சாட்சி சொன்ன மாதிரி ஆயிடும். தெரியுதுங்களா?"

"தெரியுது மேடம்."

"வேற தாள் தரேன். எழுதறீங்களா?"

கோவிந்தராசுவின் வேட்டியிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "முதல்ல பாத்தவங்க பேர எடுத்துட்டு எம் பேரப் போட்டுக்கிட்டா, ராத்திரி எட்டு மணிக்கு நான் எப்படி மேடம் பட்டியல் போடறது?" என்றார்.

அவர் என்ன சொல்கிறார் என்று பிரகதீஸ்வரிக்குப் புரிந்ததா இல்லையா, முகத்தில் தெரியவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். இளவழகன் தலையில் அடித்துக்கொண்டான்.

மாலையில் மலர்க்கொடி எல்லாக் கதையையும் கேட்டாள். முதலில் அவளுக்கு வந்த கோபம் தலையணையைப் பற்றித்தான். "ஆபீசுல இருக்கறவங்களுக்கெல்லாம் எந் தலையணையக் காட்டிட்டீங்க. ஒற வேற தொவைக்காம கெடந்துச்சு." பிறகு பசுவுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "அந்தப் பொண்ணு பேர எழுதாம இருந்திருந்தா இங்கயே இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்."

"உப்புக்காத்துல தனியா சோறாக்கித் தின்னணும்."

"திங்கணும்."

கோபம் அவளிடம் நின்று நிலைக்காது. "சரி, மணி எட்டாவுது. பட்டியலப் போடுங்க" என்று சொல்லி, கண்ணாடியை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

கோவிந்தராசு குழுவில் எழுதினார். இன்று வந்தது புதிர் அல்ல, தவறுதலாக வந்துவிட்ட என் வேலைப் படம். ஆனால் அதற்குள் ஒரு விடை இருந்தது, எனக்கே தெரியாது. ஒருவர் மட்டும் கண்டுபிடித்தார். நாற்பது ஏக்கர் நடவு தப்பியது. பட்டியல்: ஒன்று, சான்ட்ரா. அதற்குக் கீழே பெயர் எதுவும் இல்லை.

குழுவில் கை தட்டுகிற பொம்மைகள் வரிசையாக வந்து இறங்கின. சான்ட்ரா தனியாக ஒரு வரி அனுப்பியிருந்தாள்.

"அண்ணா, உங்க புதிர்ல நான் முதல்ல வர்றது இதுதான் மொதத் தடவ. எப்பவும் மூணாவது நாலாவதுதான். அம்மாகிட்ட காட்டினேன்."

அதைப் படித்தபோது கோவிந்தராசுவுக்குக் கண் கலங்கிவிட்டது. போகிற இடத்தில் உப்புக்காற்று அடித்தால் அடிக்கட்டும் என்று தோன்றியது. சந்தோஷமாகவே தோன்றியது.

அலுவலகத்து லஸ்கர்கள் மூவருக்கும் விடை வந்த வரிசையில் தனியாக ஒரு பட்டியல் போட்டு முடித்தபோது எட்டு மணி ஏழு நிமிடம். இன்னொரு செய்தி வந்தது. அனுப்பியவர் பெயரைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். உதவிப் பொறியாளர் பிரகதீஸ்வரி.

"கல்லணைக் கால்வாய். தலையணையில் தலைக்கு ஏன் சிவப்புக் குறி என்று இப்போதுதான் புரிந்தது."

காலை ஏழு மணிக்கே பார்த்திருக்கிறார். கரையில் நின்றபோதும், தாளைப் படித்தபோதும், ஜீப்பில் போனபோதும் அந்தத் தலையணையைத்தான் மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்திருக்கிறார். கோவிந்தராசு போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் இரண்டு தடவை நடந்தார். மலர்க்கொடி, "என்னங்க" என்றாள். மேலதிகாரி. கோப்பு அவர் கையில். அறிக்கை அவர் பையில். ஏழு நிமிடம்தான் வித்தியாசம்.

பெருமூச்சு விட்டுவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார்.

"சரியான விடை மேடம். ஆனா எட்டு மணி தாண்டிடுச்சு. பட்டியல்ல ஏத்த முடியாது. மன்னிக்கணும்."

இரண்டு நீலக் கோடு விழுந்தது. மறுபக்கம் ஏதோ எழுதப்படுகிறது என்று காட்டியது, நின்றது, மறுபடியும் காட்டியது. மலர்க்கொடியும் எழுந்து வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்படியா, சரி. உங்கள் மேல் இருந்த புகார்க் கோப்பையும் இன்று ஐந்து மணிக்கே முடித்துவிட்டேன். அறிக்கை நீங்கள் எழுதியபடியே மேலே போயிருக்கிறது. நேரம் தாண்டிவிட்டது, இனி அந்தக் கோப்பிலும் எதையும் ஏற்ற முடியாது. நாளையிலிருந்து வேம்படித் தலைமதகின் அளவுப் படத்தில் இரண்டு கரையும் தெரிய வேண்டும்."

கோவிந்தராசு மூன்று முறை படித்தார். பிறகு மலர்க்கொடியிடம் போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போய், தலையணையை எடுத்து வந்து, நூல் பிரியாமல் மெதுவாக அந்தச் சிவப்பு டேப்பைப் பிரிக்க ஆரம்பித்தார்.